மூச்சுக் கோடு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே நடந்தே சம்பளம் வாங்கியவள் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை என் கால்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுகோடியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி என்று போய்வந்துகொண்டே இருப்பேன். "வீட்டுக்குள்ளயே பஸ் சர்வீஸ் நடத்தறியே, டிக்கெட் யார் குடுக்கறது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். போன வாரத்திலிருந்து அந்த பஸ் இன்னும் வேகமாக ஓடுகிறது. காரணம் திவ்யா.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது ஆங்கிலம் எடுப்பவள் திவ்யா. சேலத்துப் பெண். கணவனுக்கு இங்கே ஐ.டி. வேலை. வகுப்பில் ஏதாவது சிக்கல் என்றால் நேராக என்னிடம் வந்துவிடுவாள். போன சனிக்கிழமை ஒரு கட்டுப் பேப்பரோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மேம், ஒம்பதாம் கிளாஸ்ல 'என் அம்மா'ன்னு இங்கிலீஷ்ல கட்டுரை எழுதச் சொன்னேன். படிச்சுப் பாருங்க. நாப்பது பேருக்கும் ஒரே அம்மா மேம்!"

படித்தேன். எல்லா அம்மாவும் 'கைடிங் லைட்'. எல்லா அம்மாவும் 'பில்லர் ஆஃப் ஸ்ட்ரென்த்'. ஒரு அம்மாவுக்குக்கூட மூட்டுவலி இல்லை, ஒருத்திகூட யாரையும் திட்டவில்லை. இலக்கணப் பிழை என்று தேடினால் ஒரு கமா கூடச் சிக்கவில்லை.

"ஃபோன்ல கேட்டு அப்படியே எழுதிட்டு வந்திருக்காங்க மேம். எனக்குப் பத்திக்கிட்டு வருது. எல்லாருக்கும் முட்டை போட்டுடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திவ்யாவுக்குக் கோபம். "சிரிக்காதீங்க மேம். உங்க காலத்துல இதெல்லாம் இல்ல."

"இருந்துச்சும்மா. ஃபோன்தான் இல்ல" என்றேன். அப்புறம் அவளுக்கு மூர்த்தி சாரின் டுடோரியலைப் பற்றிச் சொன்னேன்.

நான் தங்கவயலில் பிறந்தவள். பி.ஏ., அதற்குப் பிறகு பி.எட். படித்த கதையில் எழுத ஒன்றும் இல்லை. பாடத்திட்டத்தை எப்படிக் கட்டம் போட்டு எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். காலையிலிருந்து ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து கண் சொருக உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனுக்கு 'ஹேஸ்', 'ஹேவ்' எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதை அல்சூரில்தான் கற்றேன்.

மெட்ரோ தூண்கள் வராத அல்சூர் அது. கடைவீதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மரப்படி ஏறினால் டுடோரியல். பத்தாம் வகுப்பில் ஃபெயிலாகி, வருஷக்கணக்கில் வேலைக்குப் போய், பிறகு ஏதோ ஒரு கட்டாயத்தில் திரும்பவும் பரீட்சை எழுத வருகிறவர்களுக்கான இடம். ஆட்டோக்காரர்கள், தையல்காரர்கள், ஆபீஸ் பியூன்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். எல்லாரும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலாளி மூர்த்தி சார். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், ஆனால் அல்சூரிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும். முழுக்கை வெள்ளைச் சட்டை, காதில் ஒரு சாக்பீஸ். தையல்காரர் பென்சில் சொருகுவதுபோல. குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபமோ கவலையோ வந்தால் காபி சொல்வார். "காபி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டால் ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நான் நிறைய காபி குடித்தேன்.

அவருடைய கணக்கு மிக எளிமையானது. பாஸ் மார்க்குக்கு எது தேவையோ அது வெள்ளைச் சாக்பீஸ். கொஞ்சம் கூடுதலுக்கு மஞ்சள். சிவப்பில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். அணி இலக்கணத்தை அவர் மூன்று வரியில் முடித்துவிடுவார். 'லைக்', 'ஆஸ்' இருந்தால் சிமிலி. அது இரண்டும் இல்லாமல் ஒன்றை இன்னொன்று என்று அடித்துச் சொன்னால் மெட்டஃபர். மனுஷன் செய்கிற வேலையை மரமோ காற்றோ செய்தால் பெர்சானிஃபிகேஷன். "இதுக்கு மேல தெரிஞ்சா கவிதை எழுதப் போயிடுவாங்க. நமக்குப் பாஸ் ஆகணும், அஷ்டே" என்பார். அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடிப்பது அவர் வழக்கம்.

கட்டுரை ஒன்றே ஒன்றுதான்: 'மை மதர்'. பள்ளிக்கூடம், நண்பன், பண்டிகை என்று எது கேட்டாலும் அதையே திருப்பிப்போட்டு எழுதலாம் என்பது அவர் கொள்கை. அதற்குள்ளேயே உவமையும் உருவகமும் வைத்துத் தைத்திருந்தார். உதாரணம் கேட்டால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே.

பிரச்சினை என்னவென்றால், நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு வாக்கியத்தின் நடுவில் மூச்சு முட்டும். மூச்சு முட்டிய இடத்தில் மறந்துபோகும். அதற்கு மூர்த்தி சார் ஒரு வழி கண்டுபிடித்தார். முழுக் கட்டுரையையும் ஒரு மூச்சுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சாய்ந்த கோடு போட்டார். மூச்சுக் கோடு. கோடு வந்தால் நிற்க வேண்டும், இழுத்து மூச்சு விட வேண்டும், பிறகு அடுத்த துண்டு. தினமும் சாயங்காலம் வகுப்பு இப்படித்தான் தொடங்கும். எல்லாரும் எழுந்து நின்று கூட்டாகச் சொல்வார்கள்.

"மை மதர் இஸ் தி லாம்ப் ஆஃப் அவர் ஹவுஸ் / ஷீ நெவர் ரெய்சஸ் ஹர் வாய்ஸ் / ஹர் லவ் இஸ் லைக் எ ரிவர் / தட் நெவர் ட்ரைஸ் /"

நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சு இழுப்பது கீழே சைக்கிள் கடைவரை கேட்கும். பம்ப் அடிக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த முறை பலித்தது. பத்து வரி நிற்காத தலையில் முப்பது வரி நின்றது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் முழங்குகிறார்களே என்று சாரிடம் கேட்டுக் கேட்டு நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். வகுப்பு முடிவதற்கு முன் கொஞ்ச நேரம் பிடுங்கி, லாம்ப் என்றால் விளக்கு, ட்ரை என்றால் வறண்டுபோவது என்று சொல்லிப் பார்ப்பேன். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் கேட்டவர் அஞ்சலை அக்கா.

நாற்பதை நெருங்கிய அஞ்சலை அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த ஆயா. வார்டு டியூட்டி முடித்து நேராக வருவார். கூடவே டெட்டால் வாசனையும் வரும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், தனியாக எழுதி பத்தாவதில் மற்ற எல்லாப் பாடங்களையும் தாண்டிவிட்டார். இங்கிலீஷ் மட்டும் திரும்பத் திரும்பக் காலை வாரியது. பத்தாவது பாஸ் சர்டிபிகேட் இருக்கும் ஆயாக்களை நிரந்தரமாக்குகிறோம் என்று ஆஸ்பத்திரியில் அறிவித்திருந்தார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு. அந்தத் தடவை பாஸ் ஆகாவிட்டால் அஞ்சலை அக்காவுக்கு வயது தாண்டிவிடும்.

அவருக்குக் கட்டுரை மனதில் நிற்காததற்குக் காரணம் மறதி இல்லை, சிரிப்பு. 'ஷீ நெவர் ரெய்சஸ் ஹர் வாய்ஸ்' என்ற இடம் வந்ததும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார்.

"இன்னா மிஸ் இது? அவங்கம்மா கொரலே ஒசத்த மாட்டாளாமா? ஊமையா அவ?"

"சும்மா சொல்லுங்கக்கா. இது கட்டுரை."

"அது சரி. அம்மாவைப் போயி வெளக்குன்றாங்களே, அது இன்னா?"

வெளிச்சம் தருகிறது விளக்கு, குடும்பத்துக்கு அம்மா அப்படி. 'போல' என்று சொல்லாமல் அதுவே என்று சொல்வதுதான் மெட்டஃபர் என்று விளக்கினேன். அவர் யோசித்தார்.

"எங்கூட்ல கரண்ட் போனா யாரும் அம்மாவைத் தேட மாட்டோம் மிஸ். தீப்பெட்டியத்தான் தேடுவோம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்டுரையில் வரும் அம்மாவுக்கு அவர் ஒரு பெயர் வைத்துவிட்டார். டுடோரியல் அம்மா. "இன்னிக்கு டுடோரியல் அம்மாவை ஒப்பிச்சிட்டேன் மிஸ்" என்பார். சிரித்துக்கொண்டே கடைசியில் அவரும் மனப்பாடம் செய்துவிட்டார்.

பரீட்சை நடந்தது. எல்லாரும் ஒரே மையத்தில் எழுதினார்கள். 'நீ மதிக்கும் ஒருவர்' என்று கட்டுரை வந்திருந்தது. மூர்த்தி சார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

முடிவு வரும் நாளில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் முடிவு வரவில்லை. எல்லாருக்கும் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது. பின்னாலேயே போர்டு ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. கூட்டமாகப் பார்த்து எழுதியிருப்பதாகச் சந்தேகம், எல்லாரும் விசாரணைக்கு வர வேண்டும்.

மூர்த்தி சார் காபி சொன்னார்.

"நோடம்மா, பாருங்க" என்றார், "எல்லாப் பேப்பர்லயும் ஒரே கட்டுரை. அதுகூடப் பரவாயில்ல. எல்லாப் பேப்பர்லயும் கோடு போட்டிருக்காங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மூச்சுக் கோடு! கரும்பலகையில் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பரீட்சையிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சாய்ந்த கோடு, நாற்பது பேப்பரிலும் அதே இடங்களில். கோடும் இங்கிலீஷில் ஒரு பகுதிதான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். முற்றுப்புள்ளி மாதிரி, கேள்விக்குறி மாதிரி அதுவும் ஏதோ ஒன்று. இது மூச்சு விடுவதற்கு மட்டும், எழுதக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அங்கே பேப்பர் திருத்தியவர் அதை ஏதோ ரகசியக் குறி என்று முடிவு செய்துவிட்டார்.

அன்று மாலை அஞ்சலை அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே வரவில்லை.

"நான் யாரையும் பாத்து எழுதல மிஸ். எம் முன்னாடி செவுருதான் இருந்துச்சு."

"தெரியும்கா. விசாரணையில சொல்லிடலாம்."

"இது போச்சுன்னா எனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் சாவுற வரைக்கும் கான்ட்ராக்ட்டுதான். என்னிக்கு வேணாலும் வராதன்னு சொல்லிடுவாங்க."

அந்த நாட்களில் அல்சூர் ஏரியை எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. மூர்த்தி சார் மேல் கோபம், அவர் முறை மேல் கோபம், பலித்ததே என்று அதற்கும் கோபம்.

விசாரணை நாளில் எல்லாரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மூர்த்தி சாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பாடம் நடத்தியவள் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேசைக்குப் பின்னால் தலைவர், களைத்துப்போன முகத்தோடு ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் பருத்திச் சேலை கட்டிய ஒரு அம்மையார், விசாரணை உறுப்பினர். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

"இந்தக் கோடு என்ன?" என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

"மூச்சு விடுவதற்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் நம்பவில்லை. மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள், குறுக்கே பேசக் கூடாது என்றார். உட்காருவதுதான் எனக்குத் தண்டனை என்று அவருக்குத் தெரியாது.

முதலில் ஆட்டோ ஓட்டும் பாஷா பாயைக் கூப்பிட்டார்கள். கட்டுரையைச் சொல்லச் சொன்னார்கள். பாஷா பாய் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, "மை மதர் இஸ் தி லாம்ப் ஆஃப் அவர் ஹவுஸ்" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், மேசை மேலிருந்த காகிதம் பறந்துவிடுமோ என்று பயந்தேன். தலைவர் அவருடைய பேப்பரை எடுத்து வைத்து விரலால் தொட்டுக்கொண்டே போனார். விரல் கோட்டுக்கு வரும்போதெல்லாம் பாஷா பாய் மூச்சு விட்டார். ஒரு இடத்தில்கூட விரலும் மூச்சும் பிசகவில்லை. அடுத்து ஒரு தையல்காரர். அதே கோடு, அதே மூச்சு. மூன்றாவது ஆள் முடிப்பதற்குள் தலைவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அம்மையார் சிரிக்கவில்லை.

"பார்த்து எழுதவில்லை, சரி. ஒப்புக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் இதில் ஒரு வார்த்தையாவது இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா? எதற்காக நாம் மார்க் போட வேண்டும்? அடுத்த ஆளை வரச் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்."

அடுத்த ஆள் அஞ்சலை அக்கா.

அந்த அம்மையார் கேட்டது நான் தினமும் மூர்த்தி சாரிடம் கேட்ட கேள்வி. இத்தனை நாள் என்னுடையதாக இருந்த கேள்வி இப்போது அஞ்சலை அக்காவின் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறது. எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. தலைவர் என்னைப் பார்த்தார். அடங்கி உட்கார்ந்தேன்.

"முதல் வாக்கியம் என்ன அணி?" என்று அம்மையார் கேட்டார்.

"மெட்டஃபர் மேடம். லைக் இல்ல, ஆஸ் இல்ல."

"அர்த்தம்?"

அஞ்சலை அக்கா அல்சூர்க் கன்னடத்தில் சரியாகவே சொன்னார். அம்மா வீட்டுக்கு விளக்கு.

"உங்கள் அம்மா அப்படியா?"

அக்கா தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார். சிரிக்கப் போகிறார் என்று நான் நடுங்கினேன். சிரிக்கவில்லை. தலைப்பைக் கீழே விட்டார்.

"இல்ல மேடம். இது டுடோரியல் அம்மா. எங்கம்மா வேற."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி" என்றார் அம்மையார். "அந்த வேற அம்மாவைச் சொல்லுங்கள். இங்கிலீஷில்."

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் என்ன செய்ய முடியும்? இந்த அம்மாவுக்கு எந்தச் சாக்பீஸிலும் எங்கள் பலகையில் எதுவும் எழுதியதில்லை. அவர் சுவரைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகக் கையால் எடுத்து வைப்பதுபோல ஆரம்பித்தார்.

"மை மதர் பீட் மீ. புரூம் ஸ்டிக்."

நிறுத்தினார். அம்மையார் காத்திருந்தார்.

"அவர் ஹவுஸ், நோ கரண்ட். ஷாப், டியூப் லைட். ஐ ரீட் தேர். ஷாப் மேன் ஷவுட். கோ, கோ. மை மதர் எவ்ரி டே பை ஒன் மேட்ச் பாக்ஸ். தென் ஷாப் மேன் நோ ஷவுட்."

கரண்ட் இல்லாத வீட்டுப் பெண் மளிகைக் கடையின் டியூப் லைட்டில் படித்திருக்கிறது. கடைக்காரன் விரட்டக் கூடாது என்பதற்காக, வாடிக்கைக்காரி என்று காட்டிக்கொள்ள, அந்த அம்மா தினமும் ஒரு தீப்பெட்டி வாங்கியிருக்கிறாள். தீப்பெட்டியைத்தான் தேடுவோம் என்று வகுப்பில் எங்களைச் சிரிக்கவைத்தது இதை வைத்துக்கொண்டுதானா?

"மை மதர் நோ ரீட்" என்றார் அக்கா. "ஷீ சிட். ஐ ரீட், ஷீ சிட். ஷீ பீட் மஸ்கிட்டோ." கொசு அடிப்பதைக் கையால் காட்டினார். "ஹவுஸ், ஃபுல் மேட்ச் பாக்ஸ். நோ லாம்ப்."

முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, பழக்க தோஷத்தில், ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

அம்மையார் பேனாவை மூடினார். "அத்தனை தீப்பெட்டியையும் என்ன செய்தீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார். அது விசாரணைக் கேள்வி இல்லை.

"அம்மா போன பெறகும் ரொம்ப நாளு வந்துச்சு மேடம்" என்றார் அக்கா. "அடுப்புப் பத்தவைக்க நாங்க வாங்கவே இல்ல."

மற்றவர்களைக் கூப்பிடவில்லை. இனிமேல் கோடு போடாமல் சொல்லிக்கொடுங்கள் என்று தலைவர் எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார். சில நாட்களில் முடிவுகளை வெளியிட்டார்கள். அஞ்சலை அக்கா இங்கிலீஷில் ஒட்டிக்கொண்டு பாஸ். வயது தாண்டுவதற்கு முன்பே சர்டிபிகேட் கொடுத்து நிரந்தரமானார்.

திவ்யாவுக்கு இதுவரைக்கும்தான் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பர் கட்டை எடுத்தாள். "புரிஞ்சுது மேம். முட்டை போடலை. ஒவ்வொருத்தரா எழுப்பி, 'இது ஃபோன் அம்மா, உன் அம்மா எங்கே?'ன்னு கேக்கறேன்" என்றாள். ரொம்ப சந்தோஷமாகப் படி இறங்கிப் போனாள். நல்ல யோசனைதான். ஆனால் அவள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. மிச்சத்தை அவளிடம் சொல்லியிருந்தால் அவ்வளவு சந்தோஷமாகப் போயிருக்க மாட்டாள்.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலமே, உள்ளே நடந்ததை மூர்த்தி சாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பார்த்தீர்களா, கடைசியில் அர்த்தம்தான் காப்பாற்றியது என்ற பெருமை எனக்கு. அவர் ஆர்வமாகக் கேட்டார். தீப்பெட்டி இடத்தை மட்டும் இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்லச் சொன்னார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த பேட்ச் சேர்ந்த சமயம் நான் தங்கவயலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று கடைவீதியில் அஞ்சலை அக்கா எதிரே வந்தார். நிரந்தர ஆயாவின் புது யூனிஃபார்ம் புடவை, கையில் மைசூர் பாக் பெட்டி. சாருக்குக் கொடுக்க வந்திருந்தார். இருவரும் சேர்ந்து படி ஏறினோம். பாதிப் படியில் மேலேயிருந்து கூட்டுக்குரல் கேட்டது.

"மை மதர் யூஸ்ட் டு பீட் மீ வித் எ புரூம்ஸ்டிக் / ஷீ பாட் எ மேட்ச் பாக்ஸ் எவ்ரி டே / சோ தட் ஐ குட் ரீட் இன் தி லைட் ஆஃப் தி ஷாப் /"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இலக்கணத்தைத் திருத்தி, துண்டு போட்டு, அந்த அம்மாவையும் பலகையில் ஏற்றிவிட்டார் மனுஷன்! இரண்டிரண்டு படியாகத் தாவினேன். வகுப்பு நின்றது. மூர்த்தி சார் என் முகத்தைப் பார்த்தார்.

"காபி குடிக்கிறீங்களாம்மா?"

"வேண்டாம் சார். இது என்ன சார் அநியாயம்? அது அவங்க அம்மா சார்!"

"நோடம்மா, லாம்ப் அம்மாவை போர்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற அம்மா வேணுமே. இது நிஜ அம்மா. சீக்கிரம் மனசுல நிக்குது. கோடு மூச்சுக்கு மட்டும், பேப்பர்ல எழுதக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்." அப்போதுதான் எனக்குப் பின்னால் வாசலில் நின்ற அஞ்சலை அக்காவைப் பார்த்தார். நான் பார்த்திராத ஒரு தடுமாற்றம் அவர் முகத்தில் வந்தது. டஸ்டரை எடுத்தார். "அஞ்சலம்மா, உங்களைக் கேக்காம எழுதிட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சிடறேன்."

அக்கா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். பலகையை முழுக்கப் படித்தார். அர்த்தம் தெரிந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். அழியுங்கள் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

"அழிக்காதீங்க சார்" என்றார். "எங்கம்மா செத்தப்ப அழறதுக்கு நானும் எந்தம்பியும்தான். இன்னிக்கு எத்தினி பேரு அவளைப் பத்திப் பேசறாங்க பாருங்க."

இன்றுவரை எனக்கு இதில் சமாதானம் வரவில்லை. அந்த அம்மா நாற்பது பேருக்குக் கிடைத்தாளா, அஞ்சலை அக்காவிடமிருந்து பறிபோனாளா? மூர்த்தி சார் செய்தது திருட்டா, மரியாதையா? பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து கேட்கிறேன்.

அன்று அக்கா பலகையில் கடைசி வரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். 'ஷீ சாட் வித் மீ அண்ட் கில்ட் தி மஸ்கிட்டோஸ்' என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தது.

"இங்க ஒரு கோடு விட்டுப்போச்சு சார்" என்றார். "அவ பக்கத்துல குந்திக்கினு இருந்தான்னு சொல்றாங்கல்ல, அங்க. அங்க கொஞ்சம் மூச்சு வுடணும்."

மூர்த்தி சார் காதிலிருந்து சாக்பீஸை எடுத்து, 'ஷீ சாட் வித் மீ' என்பதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டார். வகுப்பு முதலிலிருந்து மறுபடி சொன்னது. அந்த இடம் வந்ததும் நாற்பது பேரும் நின்றார்கள். கீழே பம்ப் அடிக்கிற சத்தமும் நின்றது. அந்த ஒரு மூச்சு நேரம் நானும் அசையாமல் நின்றேன்.